பள்ளி ஆண்டறிக்கையில் மாணவர் சாதனைகள்: பல்லாவரம் வட்டாரம்

தமிழகப் பள்ளிகளில் ஆண்டு விழா மேடையில் தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பது நெடுநாள் வழக்கம். அதில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு அடுத்து வருவது மாணவர் சாதனைப் பகுதி. அந்தக் கல்வியாண்டில் விளையாட்டிலும் கலையிலும் தொண்டிலும் முன்னுக்கு வந்த பிள்ளைகளின் பெயர், வகுப்பு, கலந்துகொண்ட போட்டி, பெற்ற இடம் எல்லாம் அதில் இடம்பெறும். மதிப்பெண் பட்டியலில் பெயர் வராத பிள்ளைக்கும் பெற்றோர் முன்னிலையில் கைதட்டல் கிடைப்பது அந்தச் சில நிமிடங்களில்தான்.

சென்னையின் தென்புறநகரான பல்லாவரம், ஜி.எஸ்.டி. சாலை, மின்சார ரயில் பாதை, மீனம்பாக்கம் விமான நிலையம், பரங்கிமலை கன்டோன்மென்ட் ஆகியவற்றுக்கு நடுவே நெருக்கமாக அமைந்த ஊர். 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பல்லாவரம் நகராட்சி 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. தோல் பதனிடும் தொழில், வெள்ளிக்கிழமைச் சந்தை, விமான நிலையத்தைச் சார்ந்த வேலைகள் என்று பலவகைப் பிழைப்பும் கலந்த குடும்பங்களிலிருந்து இங்குள்ள பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். படை அணிவகுப்புத் திடலுக்கு அருகில் கிடைத்தது அது. அவ்வளவு தொன்மையான அந்த மண்ணில் பிள்ளைகள் ஓடியாட இன்று திறந்தவெளி அரிதாகிவிட்டது. இந்த வட்டாரத்துப் பள்ளியொன்றின் விளையாட்டுச் சாதனையைப் படிப்பவர் இதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

விளையாட்டு

பள்ளி விளையாட்டுக்குப் படிகள் உண்டு: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் 1954-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டி. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். குடியரசு தினம், பாரதியார் தினம் ஆகியவற்றின் பெயரால் தடகளமும் குழு விளையாட்டுகளும் நடக்கின்றன. ஆண்டறிக்கையில் ‘குறுவட்ட அளவில் முதலிடம்’ என்று ஒரே வரியாக வரும் செய்திக்குப் பின்னால் ஜூலை மாதத்திலேயே தொடங்கிய வேலை இருக்கிறது.

அந்த வேலை நுழைவுப் படிவத்தில் தொடங்கும். மாணவரின் புகைப்படம், அதன் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக விழும் பள்ளி முத்திரை, தலைமையாசிரியர் கையொப்பம், பிறப்புச் சான்றிதழ் நகல், கல்வித் துறைப் பதிவிலுள்ள மாணவரின் எமிஸ் எண். வயது ஜனவரி 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கிடப்படும். ஒருநாள் முன்னதாகப் பிறந்த பிள்ளை ஒரு பிரிவு மேலே போய், தன்னைவிடத் தோள் உயர்ந்தவர்களோடு ஓட வேண்டியதுதான். போட்டிக்கு முதல்நாள் மாலையில் உடற்கல்வி ஆசிரியர் சுண்ணாம்புப் பொடியால் கோடு இழுத்து, தொடர் ஓட்டக்காரர்களைக் கோலைக் கைமாற்றப் பழக்குவார். கொடுப்பவர் நீட்டும் கணமும் வாங்குபவர் பாயும் கணமும் கூடி வரும்வரை அதே இருபது மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓட வைப்பார். வெறுங்காலில் ஓடிப் பழகிய பிள்ளைக்குப் போட்டியன்று கிடைக்கும் கடன் ஸ்பைக் ஷூ காலைக் கடிக்கும். பதக்கம் கிடைக்காவிட்டாலும் இந்த உழைப்பு நடந்ததுதான். பங்கேற்றவர்களின் பெயரையும் ஆண்டறிக்கையில் சேர்க்கும் பள்ளிகள் செய்வது சரியான காரியம்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் இந்தப் படிக்கட்டுக்கு வெளியே இன்னொரு வாசல். பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பிரிவும், மாநில அளவில் வெல்வோருக்கு ரொக்கப் பரிசும் அதில் உண்டு. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை இதே மாவட்டத்தின் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதையொட்டி அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் போட்டிகள் நடத்தப்பட்டன. திடல் இல்லாத பள்ளிக்குச் சதுரங்கம் பெரிய வரம்: இரண்டு பெஞ்சு போதும். சிலம்பத்துக்கும் இதே காலத்தில் புது மதிப்பு வந்தது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

கலை

கலைப் பகுதியில் முன்பு பேச்சு, கட்டுரை, கவிதை, ஓவியம், பாட்டு என்பவையே நிறைந்திருந்தன. பல்லாவரத்தில் தமிழ்ப் பேச்சுப் போட்டிக்குத் தனி மரியாதை இருப்பது இயல்பு. தமிழறிஞர் மறைமலை அடிகள் கிறித்தவக் கல்லூரி ஆசிரியப் பணியை விட்டு 1911-இல் இங்கே குடியேறி, 1950-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1916-இல் அவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வளர்ந்ததும் இந்த ஊர் வீட்டிலிருந்துதான். அவர் பெயரைத் தாங்கிய அரசு மேல்நிலைப் பள்ளி பல்லாவரத்தில் உள்ளது. பக்கத்து ஊரான பம்மலின் பெயரோ, 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவிய நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரால் தமிழ்நாடெங்கும் பரவியது. பேச்சுக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர் என்று இப்படி அக்கம்பக்கத்திலேயே முன்னோடிகள் வாய்த்த பிள்ளைகளுக்கு அவர்களைப் பற்றி விரிவாகச் சொல்லித்தர வேண்டும். பாடப்புத்தகத்தின் ஓரிரு வரி போதாது.

2022-23 கல்வியாண்டில் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய கலைத் திருவிழா, ஆண்டறிக்கையின் இந்தப் பகுதியை அடியோடு மாற்றியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று விளையாட்டைப் போலவே கலைக்கும் படிகள் வந்தன. முதலில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நடந்தது; பின்னர் தொடக்க வகுப்புகளும் சேர்ந்தன. பறை, கரகம், வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, களிமண் சிற்பம், பலகுரல் என வீட்டிலும் தெருவிலும் கற்ற கலைகள் பள்ளியின் பெயரில் மேடையேறின. மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி விருதுகள் உண்டு. அப்பாவோடு பறை அடிக்கப் போவதை வகுப்பில் சொல்லத் தயங்கிய பையனின் பெயர் அதே பறைக்காகத் தலைமையாசிரியர் வாயால் ஒலிப்பதைப் பார்த்தவர்கள், இந்தத் திட்டத்தின் அருமையை எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமலே உணர்வார்கள்.

தொண்டு

மூன்றில் மிகக் குறைவாக எழுதப்படும் பகுதி இதுதான். கோப்பை இல்லாததால் ‘மாணவர்கள் சமூகப் பணி ஆற்றினர்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் இதற்கும் தெளிவான அளவுகோல்கள் உண்டு. சாரணர் இயக்கத்தில் பிரவேஷ் என்ற நுழைவு நிலை தொடங்கி, சோபான் எனப்படும் மூன்று படிகளைத் தாண்டியவர் ஆளுநர் கையொப்பமிடும் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கும், அதற்கு மேல் குடியரசுத் தலைவர் விருதுக்கும் தகுதி பெறுவார். 1948-இல் தொடங்கிய தேசிய மாணவர் படையில் பள்ளிப் பிரிவினருக்கு ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு உண்டு. 1969 செப்டம்பர் 24-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலை வகுப்புகளில் ஏழு நாள் சிறப்பு முகாமை நடத்துகிறது. இவற்றோடு இளம் செஞ்சிலுவைச் சங்கமும் தேசிய பசுமைப் படையும் உள்ளன.

இந்த வட்டாரத்தில் தொண்டுக்கு வேலை குறைவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையின் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. பல்லாவரம் பெரிய ஏரி, துரைப்பாக்கம் சாலையால் பிளக்கப்பட்டு, குப்பை கொட்டும் இடமாகவும் ஆகிச் சுருங்கியது. ஏரிக்கரையில் நட்ட கன்றுகளில் எத்தனை மறு ஆண்டு உயிரோடு நின்றன, முகாமில் எந்தத் தெருவில் என்ன வேலை நடந்தது என்று ஆண்டறிக்கை சொன்னால், அடுத்த ஆண்டு முகாமுக்கு வரும் பிள்ளைகள் எங்கே தொடங்குவது என்று அறிவார்கள்.

பதிவின் பயன்

சாதனைப் பட்டியல் கைதட்டலோடு முடிவதில்லை. மாநில அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பொறியியல் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உள்ளன. மத்திய அரசுப் பணிகளுக்குப் பள்ளி அளவிலான தேசியப் போட்டியில் ஆடியவர்கள் தர வேண்டியது நான்காம் படிவச் சான்று. எல்லாவற்றுக்கும் போட்டியின் பெயர், அளவு, நாள், பெற்ற இடம் பிழையின்றி இருக்க வேண்டும். மழையில் நனைந்தோ வீடு மாறும்போது தொலைந்தோ போன சான்றிதழைத் தேடி, படிப்பு முடித்த பிள்ளை பல ஆண்டுகள் கழித்துப் பள்ளி அலுவலக வாசலில் வந்து நிற்பதுண்டு. அலுவலக உதவியாளர் அலமாரியிலிருந்து அந்த ஆண்டின் கோப்பினை எடுத்துத் தூசி தட்டிப் புரட்டுவார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, 17 வயதுப் பிரிவு, 400 மீட்டர் என்று விரலால் வரி வரியாகத் தேடி, அந்தப் பெயரில் விரலை நிறுத்துவார்.