வேலிச் செலவு யார் தலையில்?

அமெரிக்க சீரியல்களில் வீடுகளைக் காட்டும்போது கவனித்திருப்பீர்கள். வீட்டுக்கு முன்னால் வேலியே இருக்காது, புல்வெளி நேராக ரோடு வரைக்கும் போகும். பின்னால் கொல்லைப்புறத்துக்குப் போனால் ஆறடி உயரத்துக்கு இடுக்கே இல்லாத வெள்ளை வேலி. பக்கத்து வீட்டுக்காரர் தலைகூடத் தெரியாது. அந்த வெள்ளை வேலிக்குத்தான் வினைல் ஃபென்ஸ் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிற பி.வி.சி. பைப் இருக்கிறதே, அதே பிளாஸ்டிக்தான், பலகை வடிவத்தில்.

இதில் சரித்திரம் எங்கே வந்தது என்கிறீர்களா? பி.காம் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "இது யார் கணக்கில் பற்று?" என்று கேட்கத் தோன்றும் :-) அமெரிக்க வேலியை அந்தக் கண்ணோடு பார்த்தால் கிட்டத்தட்ட 400 வருடக் கதை கிடைக்கிறது. வேலிக்கு ஒரு செலவு உண்டு. அதை யாராவது ஒருவர் ஏற்றே ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் இங்கிலாந்து. அங்கே பழைய வழக்கச் சட்டப்படி மாட்டை வைத்திருப்பவர்தான் மாட்டுக்குப் பொறுப்பு. அது அடுத்தவர் பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரர் நஷ்ட ஈடு தர வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் வர்ஜீனியாவில் குடியேறியதும் 1632ல் இதைத் தலைகீழாக்கினார்கள். பயிர் வைப்பவர் தன் நிலத்துக்குச் சரியாக வேலி போட்டுக்கொள்ள வேண்டும், போடாவிட்டால் வரும் நஷ்டம் அவர் பாடு. காரணம் எளிமையானது. நிலம் எக்கச்சக்கம், வேலைக்கு ஆள் இல்லை. மாட்டையும் பன்றியையும் காட்டில் அவிழ்த்துவிட்டால் அவை தாமாகவே வளரும், மேய்ப்பவருக்குக் கூலி மிச்சம். அந்த மிச்சத்துக்கு விலை கொடுத்தவர்களில் முதல் வரிசையில் இருந்தவர்கள் அங்கே ஏற்கனவே மக்காச்சோளம் விளைவித்துக்கொண்டிருந்த பூர்வகுடிகள். அவர்களுக்கு மாடு, பன்றி வளர்க்கும் வழக்கமே கிடையாது, அதனால் வேலி போடும் தேவையும் இருந்ததில்லை. வெள்ளைக்காரர்களின் பன்றிகள் வயலில் புகுந்து நாசம் செய்தன. புகார் சொன்னால், நீங்களும் வேலி போட்டுக்கொள்ளுங்கள் என்ற பதில் கிடைத்தது. என்ன கொடுமை சார் இது!

அந்தக் காலத்து வேலி எப்படி இருந்தது? மரத்தை நீளவாட்டில் பிளந்து, அந்தக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கோணல்மாணலாக அடுக்குவார்கள். மேலிருந்து பார்த்தால் புழு நெளிகிற மாதிரி இருக்கும், அதனால் புழு வேலி என்றே அழைத்தார்கள். குழி தோண்ட வேண்டாம், ஆணி வேண்டாம். ஆணி விலை உயர்ந்த பொருளாக இருந்த ஊரில் இது பெரிய விஷயம். மரமும் நேரமும் மட்டும் ஏராளமாக வேண்டும். ஆபிரகாம் லிங்கன் இளவயதில் பிளந்தது என்று சொல்லி இரண்டு கட்டைகளை 1860ல் இல்லினாய் மாநிலக் கட்சி மாநாட்டுக்கு ஊர்வலமாகத் தூக்கி வந்தார்கள். "கட்டை பிளப்பவர்" என்ற பட்டப்பெயரோடுதான் அவர் ஜனாதிபதி தேர்தலுக்குப் போனார். வேலிக்கட்டை பிளப்பது எந்த அளவுக்குச் சாமானியனின் அன்றாட வேலையாக இருந்திருந்தால் அது ஓட்டு வாங்கித் தரும், யோசித்துப் பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். 1871ல் அமெரிக்க விவசாயத் துறை ஒரு காரியம் செய்தது. நாட்டில் உள்ள வேலிகளுக்கெல்லாம் எவ்வளவு மதிப்பு என்று கணக்கெடுத்தது. விடை சுமார் 170 கோடி டாலர். உள்நாட்டுப் போர் முடிந்து கடனில் மூழ்கியிருந்த அரசின் மொத்தக் கடனோடு ஒப்பிடக்கூடிய தொகை இது. அதிகாரிகள் அதோடு விடவில்லை. வருடாந்திரப் பழுதுபார்ப்பு ஒரு பக்கம், வேலியில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு 6 சதவீத வட்டி இன்னொரு பக்கம், இரண்டையும் கூட்டினார்கள். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 20 கோடி டாலர். கால்நடையில் ஒரு டாலர் போட்டால் அதிலிருந்து பயிரைக் காப்பாற்ற வேலியில் இன்னொரு டாலர் போட வேண்டியிருக்கிறது என்று முடிவு சொன்னார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று நமக்கு நடத்துகிறார்களே, 1871லேயே ஒரு அரசு அலுவலகம் முழுநாட்டு வேலிக்கும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறது. (நம் பாடப்புத்தகத்தில் வரும் உதாரணங்களைவிட இது எவ்வளவோ தேவலை.)

அந்தக் கணக்கு வந்த மூன்றாவது வருடம், 1874 நவம்பர் 24ல், இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் ஊரைச் சேர்ந்த ஜோசப் கிளிட்டன் என்ற விவசாயி முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். வீட்டிலிருந்த காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினை வைத்து முள்ளை வளைத்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். 100 பவுண்டு கம்பி ஆரம்பத்தில் 20 டாலர் விற்றது, 1890களின் கடைசியில் 2 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. மரமே இல்லாத சமவெளிகளில்கூட மைல் கணக்கில் வேலி போட முடிந்தது.

விலை இறங்கியதும் சட்டமும் பழையபடி திரும்ப ஆரம்பித்தது. 1870களிலிருந்து தென் மாநிலங்களில் ஒவ்வொரு பகுதியாக, கால்நடையை அடைத்து வைப்பது அதன் சொந்தக்காரர் பொறுப்பு என்று சட்டம் போட்டார்கள். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொந்த நிலம் இல்லாமல் நாலு பன்றி, ஒரு மாட்டைப் பொதுக்காட்டில் மேயவிட்டுப் பிழைத்தவர்கள் யார்? போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும்தான். நிலம் வைத்திருந்தவருக்கு வேலிச் செலவு குறைந்தது, நிலம் இல்லாதவருக்கு மேய்ச்சலே போயிற்று. டெக்சாஸில் 1883ல் ராத்திரியோடு ராத்திரியாக மைல் கணக்கில் கம்பியை வெட்டிப் போட்டார்கள். பொதுத் தண்ணீரையும் பாதையையும் சேர்த்து வளைத்துப் போட்ட பெரிய பண்ணைகள்மேல் இருந்த கோபம் அது. 1884 ஜனவரியில் சிறப்பு சட்டசபைக் கூட்டம் கூட்டி, வேலி வெட்டுவதைக் கடும் குற்றமாக்கினார்கள்.

மாடு அடைபட்டதும் ஊருக்குள் வீட்டு வேலிக்கு வேலை இல்லாமல் போனது. 1870ல் ஃபிராங்க் ஸ்காட் என்பவர் புறநகர் வீட்டுத் தோட்டங்களை அழகுபடுத்துவது பற்றி எழுதிய புத்தகத்தில், தன் தோட்டத்து அழகை அக்கம்பக்கத்தார் கண்ணிலிருந்து மறைப்பது நல்ல கிறிஸ்தவருக்கு அழகல்ல என்கிற அளவுக்குப் போனார். முன்பக்கத்துப் புல்வெளியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பூங்கா மாதிரி தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆனால் பார்வையை மறைப்பதற்கென்றே வேலி போட்டவரும் அதே காலத்தில் இருந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் கிராக்கர் என்ற ரயில்வே கோடீஸ்வரர் நாப் ஹில் குன்றில் ஒரு முழு பிளாக்கை வாங்க முயன்றார். மூலையில் சின்ன வீடு வைத்திருந்த நிக்கோலஸ் யங் என்ற ஜெர்மானியர் மட்டும் விலைக்கு மசியவில்லை. இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி, அடக்கம் ஏற்பாடு செய்வது யங்கின் தொழில். கோபம் தலைக்கேறிய கிராக்கர் 1870களின் பிற்பகுதியில் அந்த வீட்டின் மூன்று பக்கமும் 40 அடிக்கு மரவேலி எழுப்பினார். வெளிச்சம் போச்சு, காற்று போச்சு. நான்காவது பக்கம் தெரு என்பதால் விட்டுவைத்தார். வேலியைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. இந்த மாதிரி வீம்பு வேலிகள் பெருகியதும் சட்டம் தலையிட்டது. 1887ல் மாசசூசெட்ஸ் மாநிலம், பக்கத்து வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு ஆறடிக்கு மேல் தேவையில்லாமல் எழுப்பும் வேலி சட்டவிரோதத் தொல்லை என்றது. கலிபோர்னியாவில் அந்த வரம்பு 10 அடி.

வேலியே கூடாது என்ற ஆசை உச்சத்துக்குப் போனது நியூயார்க் அருகே 1947ல் கட்ட ஆரம்பித்த லெவிட்டவுனில். ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒப்பந்தத்திலேயே வேலி போடக்கூடாது என்று விதி. குழந்தைகள் தோட்டத்துக்குத் தோட்டம் ஓடி விளையாடலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அதே நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக்கூடாது. இப்படிப்பட்ட இன ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் லெவிட் நிறுவனம் கறுப்பினத்தவருக்கு வீடு தரவில்லை. பலகை வேலி இல்லாத அந்த ஊரில் காகிதத்தில் ஒரு வேலி ஊரைச் சுற்றி இருந்தது. எட்டிப்பார்த்தால் தெரிகிற மர வேலியே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு கார் வந்து, டிவி வந்து, குடும்ப வாழ்க்கை முன் திண்ணையிலிருந்து கொல்லைப்புறத்துக்கு நகர்ந்தது. நீச்சல் குளம், நாய், ஞாயிற்றுக்கிழமை கறி வாட்டுவது எல்லாம் பின்னாலேதான். அங்கே ஆறடி மரவேலி எழுந்தது. மரத்துக்கு அவர்கள் ஊர் மழை, பனியில் சில வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் வேண்டும், மண்ணுக்குள் இருக்கும் கால் உளுத்துப்போகும். (மார்க் ட்வைனின் டாம் சாயர் வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையை மற்ற பையன்கள் தலையில் கட்டி, அதற்கு அவர்களிடமே கூலியும் வாங்குவானே, 1876ல் வந்த கதை. செலவை அடுத்தவருக்குத் தள்ளுவதில் அவன் எம்.பி.ஏ.) உளுக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரம் வந்தது. விஷம் என்ற கவலையால் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்தினார்கள்.

இதற்கு நடுவே நுழைந்ததுதான் வினைல். பி.வி.சி.யை 1872லேயே ஜெர்மனியில் ஆய்கன் பவுமான் சோதனைச்சாலையில் கண்டார். வெயிலில் வைத்த வினைல் குளோரைடு வெள்ளைக் கட்டியாக மாறியிருந்தது, அதை வைத்து என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. 1926ல் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியின் வால்டோ சீமான் அதை வளைகிற பொருளாக்கிக் காட்டினார். வேலிக்கு வேண்டியது வளையாத வகை. அதில் வெயில் தாங்க டைட்டானியம் டையாக்சைடு சேர்ப்பார்கள், வெள்ளை நிறமும் அதிலிருந்துதான். 1980களில் சந்தைக்கு வந்து, 1990களில் புறநகர்களில் பரவியது.

போடும் முறையும் சுவாரசியம். முதலில் எல்லைக்கல்லைச் சரிபார்க்க வேண்டும். பிறகு 811க்கு போன் செய்தால் மண்ணுக்கடியில் கேஸ், கரண்ட் லைன் போகும் இடத்தை வந்து குறித்துவிட்டுப் போவார்கள். ஆறு அல்லது எட்டு அடிக்கு ஒரு குழி. குளிர் ஊர்களில் மண் உறையும் ஆழத்தைத் தாண்டித் தோண்டாவிட்டால் உறைந்த மண் தூணையே மேலே தூக்கிவிடும். கான்கிரீட் போட்டு, நூல் பிடித்துத் தூணை நிறுத்தி, தூணில் வெட்டியுள்ள துளைக்குள் குறுக்குச் சட்டத்தைச் செருகி, பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, மேல் சட்டத்தை வைத்து, தூணுக்குத் தொப்பி போட்டால் முடிந்தது. வெயிலில் விரியும் என்பதால் செருகும் இடத்தில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். பலகைக்கு ஆணியே தேவையில்லை. புழு வேலிக்குப் பிறகு இத்தனை வருடம் கழித்து ஆணியில்லாத வேலி மறுபடி வந்திருக்கிறது.

விற்பவர்கள் சொல்வது "பராமரிப்பே கிடையாது". நம் பாஷையில் சொன்னால், வருடாவருடம் வரும் வருவாயினச் செலவை மொத்தமாக மூலதனச் செலவாக்கி முதல் நாளே கட்டிவிடுகிறீர்கள். முதல் நாள் விலை மரத்தைவிட அதிகம், பிறகு எப்போதாவது தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். வீட்டுக்காரர் லெட்ஜரில் இது சரியான கணக்குதான், தப்பு சொல்ல மாட்டேன்.

மீதிச் செலவு வேறு லெட்ஜரில் இருக்கிறது. கென்டக்கியின் லூயிவில் நகரில் குட்ரிச் ஆலையில் ரியாக்டர் கலன்களுக்குள் இறங்கி, ஒட்டிப்போன பி.வி.சி.யைச் சுரண்டி எடுப்பது சில தொழிலாளர்களின் வேலை. 1974 ஜனவரியில், அங்கே வேலை பார்த்த மூன்று பேர் மிக அபூர்வமான ஒரே வகைக் கல்லீரல் புற்றுநோயில் இறந்திருப்பதைக் கம்பெனியே வெளியிட்டது. வினைல் குளோரைடு வாயுதான் காரணம். காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பை அரசு அதே வருடம் 1 பங்காகக் குறைத்தது. ஆலைகளை மூட வேண்டியதுதான் என்று தொழில்துறை அலறியது. மூடவில்லை. வாயுவைக் கசியவிடாமல் மீட்டெடுக்கும் முறைகள் ஓரிரு வருடத்தில் வந்துவிட்டன. அந்த மூன்று குடும்பங்கள் கொடுத்த விலை எந்த ஐந்தொகையிலும் ஏறாதது.

அந்த வாயு இன்றும் ரயிலில்தான் ஊர் ஊராகப் போகிறது. 2023 பிப்ரவரி 3ல் ஒஹையோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சின்ன ஊரில் சரக்கு ரயில் தடம் புரண்டது. அதில் 5 டாங்கர்களில் வினைல் குளோரைடு. பைப்பாகவோ வேலியாகவோ ஆகியிருக்க வேண்டிய சரக்கு. வெடித்துவிடும் என்று பயந்து மூன்றாம் நாள் திறந்துவிட்டுக் கொளுத்தினார்கள், ஊருக்கு மேலே கரும்புகை எழுந்தது. கொளுத்தத் தேவையே இருக்கவில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024 ஜூனில் சொன்னது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ரயில் கம்பெனி, சுற்றி 20 மைல் வரை இருந்தவர்களுக்காக 60 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு. முடிந்ததும் முள்கம்பிக் காப்புரிமைச் சண்டையைத் தனியாக எழுதுகிறேன், அதில் ஒரு முழு கம்பெனி லா பாடமே இருக்கிறது.