சுடுகாட்டில் சோறு வைத்தவன்

புறநானூற்று 363ஆம் பாட்டு, எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்குப் பழகிய பாட்டுதான். ஐயாதிச் சிறுவெண்தேரையார் பாடியது. பொதுவியல் திணை, பெருங்காஞ்சித் துறை. கடல் சூழ்ந்த நிலத்தில் ஒரு சின்ன இலை அளவு இடங்கூடப் பிறருக்கு விடாமல் ஆண்ட அரசர்கள் கடற்கரை மணலைவிட அதிகம். அத்தனை பேரும் சுடுகாட்டுக்குத்தான் போனார்கள். அவர்கள் நாட்டை அடுத்தவன் எடுத்துக்கொண்டான். சாவு மெய். அது வருமுன் பற்றை விடு, செய்ய நினைத்ததைச் செய். பாட்டு அரசனுக்குச் சொல்வது இதுதான். 'அதிகாரம் நிலையற்றது' என்று எழுதினால் பரீட்சையில் மார்க் கிடைத்துவிடும்.

ஆனால் பாட்டுக்குள் இன்னொரு ஆள் நிற்கிறான். நான் படித்த வகுப்பில் அவனைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. கள்ளி படர்ந்த சுடுகாட்டில், உப்பில்லாத சோற்றைக் கையில் எடுத்து, திரும்பிப் பார்க்காமல், செத்த அரசனுக்கு வெறுந்தரையில் படைக்கிறவன் அவன். பாட்டு அவனுக்கு வைத்திருக்கிற பெயர் 'இழிபிறப்பினோன்'. சங்கவருணர் என்னும் நாகரியர் தந்துமாறனைப் பாடிய 360ஆம் பாட்டிலும் இதே சுடுகாடு வருகிறது. அங்கே அவன் 'புலையன்' என்றே வருகிறான்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அரசனைப் பயமுறுத்தச் சாவு மட்டும் போதவில்லை. 'கடைசியில் இவன் கையால் வாங்கித் திங்கணுமே' என்கிற அருவருப்பும் தேவைப்படுகிறது. உயிர் நிலையில்லை, செல்வம் நிலையில்லை, நாடு நிலையில்லை. பிறப்பின் இழிவு மட்டும் நிலைத்து நிற்கிறது. அரசர்கள் மணலளவு வந்து போவார்கள். சோறு வைக்கிறவன் மட்டும் மாறமாட்டான். சங்க காலத்தில் பிறப்பால் தாழ்வே கிடையாது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லட்டும்.

அரசன் பற்றை விட்டால் அவன் என்ன ஆவான்? இதற்குப் பாட்டில் பதில் இல்லை. எங்க நாஞ்சில் நாட்டு வரலாற்றில் இருக்கிறது.

1696இல் வேணாட்டுக் கேரள வர்மன் ஒரு கல்வெட்டு வைத்தான், நம்ம திருவிதாங்கோட்டில். புலையன் தொட்டால் மேல்சாதிப் பெண் சாதி இழப்பாள் என்கிற 'புலைப்பேடி' வழக்கத்துக்குத் தடை. மீறினால் கருவில் கிடக்கிற பிள்ளை வரைக்கும் புலையரை அழிக்கச் சொல்கிறது அது. புறநானூறு அருவருத்த அதே கைதான் இங்கே குற்றவாளி.

1750இல் மார்த்தாண்ட வர்மா ஒரு காரியம் செய்தார். திருவிதாங்கூர் நாட்டையே பத்மநாபசாமியின் காலடியில் வைத்துவிட்டு, 'பத்மநாபதாசன்' என்று பெயர் போட்டுக்கொண்டார். காஞ்சிப் பாட்டு கேட்ட துறவு இதைவிட வேறென்ன? ஆனால் நாஞ்சில் வயலில் என்ன மாறிச்சு? ஒன்றுமில்லை. புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், ஒற்றிக்கு வைக்கப்பட்டார்கள். சர்க்காரே அடிமைகளை வைத்திருந்தது. 1836 கணக்கெடுப்பில் திருவிதாங்கூர் அடிமைகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அரசன் பெயரில் மட்டும் தாசன். நம்ம ஆளுங்க உடம்பாலே தாசர்கள்.

இந்த அமைப்பு ஆடத் தொடங்கியது தத்துவத்தால் அல்ல. மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்த ஒருவர், பெயர் மகாராசன். பெயரைக் கவனியுங்கள். தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பில்தான் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே கோயில் எழுந்தது. பள்ளிக்கூடம் வந்தது, எழுத்து வந்தது. தோள்சீலைக்காக நாடார் பெண்கள் அடிபட்டுப் போராடினார்கள். 1847இல் மிஷனரிகள் அடிமை முறைக்கு எதிராக மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1853இல் பாதி, 1855இல் முழுதாக அடிமை முறை சட்டத்தில் ஒழிந்தது. 1926இல் சுசீந்திரம் கோயில் தெருவில் நடக்கச் சத்தியாகிரகம். 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ கேட்டிருக்கிறார்கள், அடி வாங்கியிருக்கிறார்கள். அரசன் சுடுகாட்டை நினைத்து மனம் மாறி எதையும் தந்துவிடவில்லை.

இப்போது பத்மநாபபுரம் அரண்மனையில் டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம். 1971இல் ராஜமானியமும் போயிற்று. அரசனைப் பொறுத்தவரை பாட்டு சொன்னது பலித்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்ச் சுடுகாடுகளில் இன்றும் பிணத்துக்குக் குழி வெட்டுவதும் எரிப்பதும் நம்ம வீட்டு ஆள்தான். ஜனநாயகம் வந்த பிறகும் அந்த ஆள் மாறவில்லை.

ஆகவே காஞ்சிப் பாட்டை நாம் தூக்கி எறிய வேண்டாம். அவன் நிற்கிற இடத்திலிருந்து படிப்போம். அவன் பார்வையில் அரசன் செத்ததில் புதுசு ஒன்றும் இல்லை, எத்தனையோ பேருக்குச் சோறு வைத்தாச்சு. அவன் ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதான் கேள்வி. தமிழ் படிக்கிற தம்பி தங்கைகள் பரீட்சைத் தாளில் இதையும் எழுதுங்கள். மார்க் போனால் போகட்டும்.