மேய்நிலமும் மண்டையோடும்: ஆர்தர் ராத்ஸ்டைனின் 1936ஆம் ஆண்டு ஒளிப்படங்களில் கால்நடைக் குறியீடு

முன்னுரை

ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியங்களில் மேயும் கால்நடை பெரும்பாலும் வளத்தின் குறியீடாகவே அமைந்தது. டச்சு ஓவியர் பவுலஸ் பாட்டர் 1647இல் தீட்டிய ‘காளை’ இம்மரபின் புகழ்பெற்ற சான்றாகும். 19ஆம் நூற்றாண்டின் ஒளிப்படக் கலைஞர் பலரும் இம்மரபைத் தொடர்ந்தனர். புல்வெளியில் விலங்கு நின்றால் நிலம் நலமுடன் உள்ளது என்பது அதன் பொருள். இப்பொருளைத் தலைகீழாக்கிய அமெரிக்க ஒளிப்படம் ஒன்று எழுப்பிய சான்றுச் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

படமும் பின்னணியும்

1934ஆம் ஆண்டு வறட்சியில் தீவனமின்றித் தவித்த பண்ணையாளர்களிடமிருந்து 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை அமெரிக்க அரசு விலைக்கு வாங்கத் தொடங்கியது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட டெய்லர் மேய்ச்சல் சட்டம், பொதுநிலங்களில் மிகைமேய்ச்சலைக் கட்டுப்படுத்த முனைந்தது. இச்சூழலில், மீள்குடியேற்ற நிர்வாகம் என்னும் அரசுத் துறையின் ஒளிப்படக்காரரான ராத்ஸ்டைன், 1936 மே மாதம் தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் பகுதியில் வெளுத்துப்போன எருது மண்டையோடு ஒன்றைக் கண்டார். வெடித்த உவர்நிலத்தில் ஒருமுறையும், சில அடிகள் நகர்த்திப் புல் முளைத்த இடத்தில் மறுமுறையுமாக அதனைப் பல படங்கள் எடுத்தார்.

சர்ச்சையின் இயல்பு

ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் வறட்சிப் பகுதிகளைப் பார்வையிடச் சென்றபோது, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகர நாளிதழ் இப்படத்தைப் போலி எனச் சாடியது. அது தேர்தல் ஆண்டாதலால் குற்றச்சாட்டு நாடெங்கும் பரவியது. மண்டையோட்டை நகர்த்தியதே பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் இடத்தைவிடக் காலமே இங்கு முதன்மையான சிக்கலாகும். எலும்பு அவ்வாறு வெளுக்க நெடுங்காலம் வேண்டும். உவர்நிலமோ வறட்சியில்லா ஆண்டிலும் வெடிக்கும். எனவே, அவ்வாண்டு வறட்சியில் மாடு மடிந்தது என்பதற்கு இப்படம் சான்றாகாது. மேய்நிலம் பல்லாண்டுகளாக நலிந்துவந்தது என்னும் கருத்துக்கோ அது பொருத்தமான குறியீடாகும். குறியீடு, செய்தித்தாளில் அன்றைய நிகழ்வின் சான்றாக வாசிக்கப்பட்டதே பிழைக்கு வழிவகுத்தது. அதன் விளைவாக மெய்யான வறட்சியும் ஐயத்துக்கு உள்ளானது.

முடிவுரை

ராத்ஸ்டைனின் நெகட்டிவ்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுவதால், அவர் தேர்ந்த கோணங்களை இன்று ஒப்பிட்டறிய முடிகிறது. தனிப்படம் ஒன்றே எஞ்சியிருந்தால் இது இயன்றிராது. ஆகவே, ஒளிப்படத்தை வரலாற்று ஆவணமாகக் கொள்வோர், அதனுடன் எடுக்கப்பட்ட பிற படங்களையும் விளக்கக் குறிப்பையும் அது அச்சான சூழலையும் இணைத்தே ஆராய்தல் வேண்டும்.