விலைக்கு வந்த விருந்து

பழனியின் பழம்பெயர் பொதினி. ஆவியர் குலத்துப் பேகன் ஆண்ட நாடு அது. மயிலுக்குப் போர்வை ஈந்த அவ்வள்ளலை மாணவர் யாவரும் அறிவர். அக்காலத்துப் பாணனும் பொருநனும் உண்ட விருந்து காசுக்கு வாங்கியதன்று, கொடையாக வந்தது. கரிகாலன் அளித்த அத்தகைய விருந்தொன்றைப் பொருநராற்றுப்படை விரித்துரைக்கின்றது. வெந்த செம்மறித் தொடை ஒருபுறம், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி மறுபுறம். சூடு தாளாமல் வாயின் இரு மருங்கும் மாற்றி மாற்றி ஒற்றி உண்டானாம் பொருநன். இரவும் பகலும் ஊன் தின்றதால், நிலத்தை உழுது தேய்ந்த கொழுவைப் போல அவன் பற்கள் மழுங்கிவிட்டனவாம்! இறைச்சியை அனலில் வாட்டி, நடுத்தரக் குடும்பத்தாருக்கு ஏற்ற விலையில் பரிமாறும் மேலைநாட்டு ஸ்டேக் விடுதிக்குள் அப்பொருநன் இன்று நுழைந்தால், சமையலைக் கண்டு வியக்கமாட்டான். உண்டபின் காசு கேட்பதைக் கண்டே திகைப்பான்.

சோற்றை விற்பது இழிவு என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியது. வழிநடையாளருக்குச் சத்திரங்கள் இருந்தன. அறம் பெரிதுதான், ஆயினும் பல சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி விரிந்தது, சிலருக்கு வாயிலே திறக்கவில்லை. இதை மறைத்துச் சத்திரங்களைப் புகழ்வது வரலாறாகாது.

1928-இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு இருப்புப்பாதை வந்தது. ஊர்விட்டு ஊர் செல்வோர் பெருகவே, காசு கொடுத்து உண்பதும் வழக்கமாயிற்று. ஆனால் பழைய பந்திப் பிரிவு உணவு விடுதிகளுக்குள்ளும் புகுந்துகொண்டது. ஆகவேதான் 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, பதினைந்தாம் பிரிவில் கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதியின் பேரால் எவரையும் அங்கே தடுக்கலாகாது என விதித்தது. சட்டம் வந்தும் பெயர்ப்பலகைகள் உடனே மாறிவிடவில்லை. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் நடத்த வேண்டியதாயிற்று.

அதே 1957-இல்தான் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு என்பவர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கினார். அவர் தலையில் எப்போதும் தலைப்பா இருக்கும். கடையின் பெயரைவிட அந்தத் தலைப்பாவே மக்கள் மனத்தில் நின்று, 'தலப்பாகட்டி' என வழங்கலாயிற்று. ஆட்டிறைச்சியோடு அவர் சேர்த்தது நீண்ட வடநாட்டு அரிசியன்று, நம் சீரகச் சம்பா. மணி சிறிது, மசாலையின் சாரத்தை நன்கு உறிஞ்சும். அரண்மனை உணவாகப் பேர்பெற்ற பிரியாணி, இவ்வாறு திண்டுக்கல் கடைத்தெருவில் கூலிக்காரரும் வணிகரும் வாங்கியுண்ணும் உணவாயிற்று.

காசு வந்ததும் சாதி போய்விட்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அதன்பின் பல்லாண்டுகள் சென்றும், தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க்கடைகள் பலவற்றில், ஒரே விலை கொடுத்தவருக்கும் வேறு வேறு குவளைகளே நீட்டப்பட்டன.