பாட்டை ஷேர் பண்றீங்களா? ஃபைலா, லிங்க்கா... வித்தியாசம் இதுதான்!

"மச்சான், இந்தப் பாட்டைக் கேட்டுட்டியா?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாக பிளவக்கல் பக்கம் போகும் பஸ்ஸில் காலேஜ் பசங்க ஏறினால் இந்தக் கேள்வி காதில் விழும். ஒரு இயர்போன், இரண்டு பேர், ஆளுக்கு ஒரு காது. அடுத்த ஸ்டாப்புக்குள் பாட்டு இன்னொரு போனுக்குப் போயிடும்.

பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் கூமாப்பட்டியை 2025 ஜூனில் தமிழ்நாடே தேடியது ஞாபகம் இருக்கலாம். இன்ஸ்டாகிராம் வீடியோக்களை ஆளாளுக்கு ஷேர் செய்ததுதான் காரணம். ஒரு ஊருக்கு நடந்தது ஒரு பாட்டுக்கும் நடக்கும். ஆனால் பாட்டு பரவினால் அதைப் பாடியவருக்கு என்ன கிடைக்கும்? அது நீங்கள் எப்படி ஷேர் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விரிவாகப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் பாட்டு எப்படிக் கைமாறியது?

சேர்ந்து பாடக் கூப்பிடுவது இந்த மண்ணுக்குப் புதுசு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் மொத்தம் 30 பாசுரங்கள். அதில் 6 முதல் 15 வரையிலான 10 பாசுரங்கள், தூங்கும் தோழிகளை எழுப்பிக் கூட்டிப் போவதற்காகவே பாடப்பட்டவை.

சினிமா பாட்டு காலத்துக்கு வருவோம். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத்துறை அமைச்சராக பி.வி.கேஸ்கர் வந்த பிறகு, அகில இந்திய வானொலியில் சினிமா பாட்டுக்கு இடமில்லாமல் போனது. பாட்டு கேட்க ஆசைப்பட்டவர்கள் ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957-ல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் தென்மாவட்டங்களில் இலங்கை வானொலிக்கு இருந்த மவுசு குறையவில்லை. பிற்பாடு கோடை பண்பலை 100.5 வந்தது. இந்தப் பக்கத்து வீடுகளிலும் டீக்கடைகளிலும் அதுதான் ஓடியது.

ஆனால் ரேடியோவில் பாட்டு ஓடி முடிந்தால் முடிந்ததுதான். திரும்பக் கேட்க முடியாது. அந்தக் குறையைத் தீர்த்தது கேசட்.

மலைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி' படத்தில் அறிமுகமானார். 1992-ல் 'ரோஜா' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் வந்தார். இந்த இடைப்பட்ட காலத்தில்தான் கேசட் ரெக்கார்டிங் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. பிடித்த பாட்டுகளை ஒரு பேப்பரில் எழுதிக் கொடுக்க வேண்டும். 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறு பாட்டு. ஏழாவது பாட்டுக்கு ஆசைப்பட்டால் பாதியில் டேப் தீர்ந்துவிடும்.

அதனால் எந்தப் பாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாள்கணக்கில் யோசிப்பார்கள். அப்படிப் பதிந்த கேசட்டை ஹாஸ்டல் ரூமில் ஒருத்தர் கேட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். டேப் சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவார்கள். கேசட் திரும்பி வராமல் போனால் சண்டையே வரும்!

எம்பி3 வந்ததும் என்ன மாறியது?

கணக்கு மாறியது. வழக்கமான எம்பி3 தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 1 எம்பி போதும். ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 5 எம்பி.

• 60 நிமிட கேசட்: சுமார் 12 பாட்டு
• 700 எம்பி சிடி: சுமார் 140 பாட்டு
• 2 ஜிபி மெமரி கார்டு: சுமார் 400 பாட்டு

1999-ல் அமெரிக்காவில் ஷான் ஃபேனிங் என்ற கல்லூரி மாணவர் 'நாப்ஸ்டர்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. இசை நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போக, 2001-ல் அது மூடப்பட்டது. நம்ம ஊரில் அதே வேலையை மெமரி கார்டும் ப்ளூடூத்தும் செய்தன. செல்போன் கடையில் காசு கொடுத்தால் கார்டு முழுக்கப் பாட்டு ஏற்றித் தருவார்கள். பாட்டு எழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ அதில் ஒரு பைசாவும் போகவில்லை.

இப்போது பாட்டைக் கண்டுபிடித்துத் தருவது யார்?

பெரும்பாலும் செயலிகள்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கியது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. நீங்கள் எதைக் கேட்டீர்கள், எதைப் பாதியில் தள்ளினீர்கள், உங்களைப் போன்ற ரசனை உள்ளவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று பார்த்துச் செயலி அடுத்த பாட்டைக் கொண்டுவரும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. நீங்கள் ஏற்கனவே கேட்டதை ஒட்டியே அது ரொம்ப நேரம் சுற்றும். குத்துப்பாட்டு கேட்பவருக்குக் குத்துப்பாட்டே வரும். கூடப் படிக்கிற பிள்ளை அப்படி இல்லை. கானா கேட்பவருக்கு கர்நாடக இசையை, மெலடி மட்டும் கேட்பவருக்கு ராப் பாட்டைத் தருவதற்கு ஒரு ஃப்ரெண்ட் வேண்டும். "இதைக் கேளுடா, உனக்குப் பிடிக்கும்" என்று அவர் சொன்னால் பிடிக்காவிட்டாலும் ஒருமுறை முழுசாகக் கேட்போம் இல்லையா?

சினிமாவுக்கு வெளியே வரும் பாட்டுகளுக்கு இதுதான் உயிர். படம் இல்லை, ஹீரோ இல்லை, போஸ்டர் இல்லை. சாய் அபயங்கரின் 'கட்சி சேர' 2024 ஜனவரியில் தனிப்பாடலாக வந்து, ரீல்ஸ் வழியாகப் பரவியது. அதன் பிறகு சினிமா வாய்ப்புகள் அவரைத் தேடி வந்தன.

ஃபைல் அனுப்பினால் என்ன, லிங்க் அனுப்பினால் என்ன?

கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பாடியவருக்கு ஒன்று இல்லை.

வாட்ஸ்அப்பில் எம்பி3 ஃபைலாக அனுப்பினால், அதை 100 பேர் 100 முறை கேட்டாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது. செயலியின் லிங்க்கை அனுப்பி, அவர் அதில் போய்க் கேட்டால் கணக்கில் ஏறும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாக எண்ணப்படும்.

இன்னொரு முக்கியமான விதியும் இருக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அந்தப் பதிவுக்கான ராயல்டியை ஸ்பாட்டிஃபை கணக்கிடுவதில்லை. பெரிய ஹீரோ படப் பாட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ராஜபாளையத்திலோ வத்திராயிருப்பிலோ வீட்டிலேயே ரெக்கார்டு செய்து வெளியிடும் ஒரு மாணவருக்கு இந்த 1,000 பெரிய மலை. ஆனால் ஒரு கல்லூரியில் 100 பேர் ஆளுக்குப் பத்து முறை லிங்க்கில் கேட்டால் அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

பரவினால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து 2024 மார்ச்சில், அதிலிருந்து வருமானம் எதுவும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகப் பேசினார். ஒப்பந்தம் சரியாக இல்லாவிட்டால் நம்முடைய ஷேர் மட்டும் காப்பாற்றாது. புதிதாகப் பாட்டு வெளியிடும் மாணவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதை மனதில் வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

• இந்தியாவில் இருப்பது 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் படைப்பாளியின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியானதில் இருந்து 60 ஆண்டுகள்.
• சொந்த உபயோகத்துக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கு. நூறு பேர் இருக்கும் குரூப்பில் ஃபைலைப் போட்டுவிட்டு அதைச் சொந்த உபயோகம் என்று சொல்வது கஷ்டம்.
• 2012-ல் செய்த திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்துவிட முடியாது. வாரிசுகளும் காப்புரிமைச் சங்கங்களும் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

கல்லூரி விழாவில் பாடலாமா?

பாடலாம். கல்வி நிறுவனத்தின் நிகழ்ச்சியில் மாணவர்களும் ஆசிரியர்களும் பாடுவதற்கு, பார்வையாளர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் மற்றும் நிறுவனத்தோடு தொடர்புடையவர்களாக மட்டும் இருந்தால், சட்டத்தின் 52-வது பிரிவு விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு வெளியாட்களைக் கூப்பிட்டால் கதை வேறு. அந்த நிகழ்ச்சியை வீடியோ எடுத்து நெட்டில் போடுவதும் தனி விஷயம்.

அடுத்த முறை பாட்டு அனுப்பும்போது...

• ஃபைலுக்குப் பதிலாக, அதிகாரப்பூர்வ பக்கத்தின் லிங்க்கை அனுப்புங்கள்.
• பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரைச் சேர்த்துப் போடுங்கள். பெயர் தெரிந்தால்தான் அவருடைய அடுத்த பாட்டைத் தேடுவார்கள்.
• ஒரே நேரத்தில் 20 லிங்க் போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். ஒன்று போதும். ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது.
• வகுப்புக்கு ஒரு பொது பிளேலிஸ்ட் தொடங்கி, வாரத்துக்கு ஆளுக்கு ஒரு பாட்டு மட்டும் சேர்க்கலாம். 60 நிமிட கேசட் காலத்தில் இருந்த அதே கவனம் திரும்பி வரும்.
• சிக்னல் இல்லாத பக்கம் போவதற்கு முன், செயலிக்குள்ளேயே ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ளுங்கள். நெட் கிடைத்ததும் நீங்கள் கேட்டது கணக்கில் சேரும்.

கேசட் போய், மெமரி கார்டும் கிட்டத்தட்ட போயாச்சு. அந்த இயர்போனின் ஒரு பக்கத்தை நீட்டும் ஃப்ரெண்ட் மட்டும் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறார். பாட்டு முடிந்ததும் அவரிடம் மறக்காமல் கேளுங்கள்: "லிங்க் அனுப்புடா!"