பதினோராம் எண் கூண்டு

‘நாகை, கடலூர், பாம்பன் துறைமுகங்களில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.’ ஐப்பசி கார்த்திகை வந்தால் இந்தச் செய்தியும் வந்துவிடும். எண் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்று நமக்குத் தெரியும். 10 என்றால் பெரும் அபாயம்: கடும் புயல் அந்தத் துறைமுகத்தின் மேலாகவோ ரொம்பப் பக்கத்திலோ கரை கடக்கப் போகிறது. சரி, 11 என்றால் என்ன? பத்தைவிடப் பெரிய புயலா?

இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி நினைக்கிறார். 11-க்கு இதுதான் பொருள். ‘எனக்குத் தகவல் வரவில்லை’ என்பதையே ஓர் எச்சரிக்கையாகக் கம்பத்தில் ஏற்றிவிடுகிறார்கள். யார் யோசித்ததோ, பெரிய யோசனைதான்.

ஸ்மார்ட்போனை நம்பிப் பாய்மரப் படகில் கடலுக்குப் போகிறவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 11 ஞாபகம் வருகிறது. நான் படகு ஓட்டுகிறவன் இல்லை, கரையில் உட்கார்ந்து படிக்கிறவன். ஆனாலும் கூண்டின் கதையைத் தெரிந்துகொண்டால் போனின் கதை பாதி புரிந்துவிடும் என்று தோன்றுகிறது.

கூண்டுக்கு மூலவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ‘பீகிள்’ கப்பலில் உலகம் சுற்றிக் கூட்டிப்போன அதே கேப்டன்தான். 1854-இல் பிரிட்டிஷ் அரசு வானிலைக்கென்று ஒரு சின்ன அலுவலகம் தொடங்கி அவரை உட்கார வைத்தது. கப்பல்களிலிருந்து வரும் காற்றுக் குறிப்புகளைத் தொகுப்பதுதான் கொடுத்த வேலை. நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

1859 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கத்தோடு திரும்பிய ‘ராயல் சார்ட்டர்’ கப்பல், லிவர்பூலுக்குக் கிட்டத்தில் வந்து, வேல்ஸ் கரைப் பாறைகளில் மோதி உடைந்தது. 450 பேர் போல இறந்தார்கள். அதே புயலில் பிரிட்டனைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் சிதைந்தன. அந்தப் புயல் ஒரே நொடியில் எல்லா ஊருக்கும் வந்ததில்லை, ஓர் ஊரைத் தாண்டித்தான் அடுத்த ஊருக்குப் போனது. தந்தியோ புயலைவிட வேகமாகப் போகும். அப்படியிருக்க ஏன் முன்கூட்டிச் சொல்லக்கூடாது? இதுதான் ஃபிட்ஸ்ராயின் கேள்வி. 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கத் தொடங்கியது. தந்தி கிடைத்ததும் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள். கூம்பின் முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்து கடுங்காற்று, கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்து. ராத்திரியில் விளக்குகள். அந்த ஆகஸ்டில் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் வானிலை முன்னறிவிப்பும் வர ஆரம்பித்தது.

மனுஷனுக்கு நல்ல முடிவு கிடைக்கவில்லை. தப்பிப்போன கணிப்புகளை வைத்துக் கேலி, அறிவியலாளர்களின் ஏளனம், பணக் கஷ்டம். 1865-இல் தற்கொலை செய்துகொண்டார். மறுவருஷம் ஒரு குழு கூடி, இதற்கு அறிவியல் அடிப்படை போதாது என்று சொல்ல, எச்சரிக்கைகளை நிறுத்திவிட்டார்கள். கடல்வழிப் பிழைப்புக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1867-இலேயே கூம்பு திரும்பவும் கம்பம் ஏறியது.

இந்தப் பக்கம், 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் புரட்டிப்போட்டுப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. அதன் விளைவாக 1865-இல் கல்கத்தா துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததே அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1875-இல்தான். நம்ம ஊர்க் கூண்டு வந்த வழி இது.

கூண்டுக்கு ஒரு குறை உண்டு. கரையில் நிற்கிறவனுக்குத்தான் அது தெரியும். ஏற்கெனவே புறப்பட்டுப் போனவனுக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

வானொலி இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பியது. ஆனால் அதற்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறதே. 1979 ஆகஸ்டில் 303 பாய்மரப் படகுகள் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துப் பக்கமுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பந்தயத்துக்குக் கிளம்பின. கிளம்பிய அன்று பயமுறுத்தும் செய்தி எதுவும் இல்லை. 13-ஆம் தேதி பிற்பகலில்தான் கடுங்காற்று எச்சரிக்கை வானொலியில் வந்தது. அன்றிரவே புயல். பந்தயத்துக்குப் போனவர்களில் 15 பேர் இறந்தார்கள்.

இனி இன்னொரு நூலைப் பிடிப்போம். ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்ற கேள்வி. முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 1978-இல் பறந்தது, முழுக்க ராணுவச் சமாச்சாரமாக. 1983-இல் வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தபிறகு, பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. அப்போதும் துல்லியத்தை வேண்டுமென்றே கெடுத்துத்தான் கொடுத்தார்கள். சுமார் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம் அந்தக் கெடுதலை நிறுத்தினார்கள். 2008-இல் ஐபோன் 3ஜி-யில் ஜிபிஎஸ் ஏறியது. செக்ஸ்டன்ட் பிடித்துச் சூரியனை அளந்து மணிக்கணக்கைப் பார்த்துச் செய்த வேலை சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஜிபிஎஸ்-க்கு டவர் தேவையில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்கள் பேசிக்கொண்டே இருக்கும், போன் வெறுமனே காது கொடுக்கும். அவை பேசுவது நொடிக்கு 50 பிட் வேகத்தில். ஒரு செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதையை முழுசாகச் சொல்லி முடிக்க அரை நிமிஷம், எல்லாச் செயற்கைக்கோள்களின் அட்டவணையையும் சொல்ல 12.5 நிமிஷம். கரையில் இந்த விவரத்தை டவர் சட்டென்று தந்துவிடுவதால் நாம் காத்திருப்பதில்லை. நடுக்கடலில் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கிடைத்துவிடும். டேட்டாவை அணைத்துவிட்டுப் பஸ்ஸில் போகும்போது மேப்பைத் திறந்து பாருங்க. நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும்.

வானிலை அப்படி வராது. கரையிலுள்ள பெரிய கணினிகள் ஒரு நாளைக்கு நாலு தடவை கணக்குப் போட்டு, கட்டம் கட்டமாகக் காற்றின் வேகத்தையும் திசையையும் தருகின்றன. அந்தக் கணக்கு டேட்டா வழியாகத்தான் போனுக்கு வந்தாக வேண்டும். டவரின் கை கடலுக்குள் 10, 12 கிலோமீட்டர் தாண்டினாலே தளர்ந்துவிடும்.

ஒரே திரை, ஒரே நீலக் கடல். அதில் புள்ளி இந்த நொடியினுடையது, காற்று அம்பு நேற்று காலையினுடையது. தொடர்பு அறுந்தபிறகும் செயலி கடைசியாக வாங்கிவைத்த படத்தை அதே வண்ணத்தில் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். எந்த நேரத்துக் கணிப்பு என்பது ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். துறைமுகக் கம்பத்துக்கு 11-ஆம் எண் உண்டு, போனுக்கு இல்லை. இத்தனை மணி நேரம் பழசானால் படம் தானாகவே சாம்பல் நிறமாகிவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நெடுந்தூரம் போகும் பாய்மரக்காரர்களுக்கு இது தெரியும். கடல் ஆழம் காட்டும் வரைபடங்களை முன்னாலேயே இறக்கிவைத்துக்கொள்வார்கள். வானிலைக்கு ‘கிரிப்’ என்ற சுருக்கமான கோப்பு முறை இருக்கிறது. படம் கிடையாது, வெறும் எண்கள், சில பத்து கிலோபைட்தான். நொடிக்கு 2.4 கிலோபிட் தரும் பழைய செயற்கைக்கோள் போனிலும் அது இறங்கிவிடும். ஆனால் அதற்கெல்லாம் தனிக் கருவி, தனிச் செலவு.

அந்தச் செலவு எல்லோருக்கும் கட்டுபடியாகுமா? 2017 நவம்பர் கடைசியில் நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள், வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கிறவர்கள், கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். பாய்மரம் போய் எஞ்சின் வந்த விசைப்படகுகள் அவை. படகில் ஜிபிஎஸ் இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 29-ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கி புயலாகிவிட்டது. அந்த ஒரு நாள் அவகாசத்தில் கரையில் கூண்டு ஏற்றினாலும் டிவியில் சொன்னாலும் குறுஞ்செய்தி அனுப்பினாலும், அவர்கள் இருந்த இடத்துக்கு எதுவும் எட்டாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்துபோனார்கள், அல்லது திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகுதான் ‘ஜெமினி’ வந்தது, 2019 அக்டோபரில். இன்காய்ஸ் எனும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய சிறு பெட்டி. விமானங்களுக்கு வழிகாட்ட அமைத்த ‘ககன்’ செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்தில் மீனவரின் சாதாரண போனுக்குத் தள்ளிவிடும். செய்தி தமிழிலேயே வரும். டவர் வேண்டாம். எச்சரிக்கையும் நீலப் புள்ளி வருகிற அதே வானத்திலிருந்து இறங்குகிறது.

ஆனால் ஜெமினி ஒருவழிதான். கேட்கலாம், திருப்பிச் சொல்ல முடியாது. இருவழியில் பேசும் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது.