செஞ்சிப் பனி உருகுமா?

செஞ்சி வெண்பனி விழும் ஊரன்று. கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகியவற்றோடு சேர்ந்து கோட்டையாக நிற்கும் இராசகிரியின் உயரமே ஏறத்தாழ 800 அடிதான். எனினும் மார்கழி விடியலில் அக்குன்றின் தலை மறையும்போது ஊரார் ‘பனி கொட்டுகிறது’ என்றே சொல்வர். கொட்டுவது பனித்துளியும் மூடுபனியுமே.

தொல்காப்பிய மரபு வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என இரண்டு பனியின் பெயரால் வழங்குகின்றன. பனித்தல் என்னும் வினைக்கு நடுங்குதல், துளித்தல் என்னும் பொருள்கள் உண்டு, கண்ணும் பனிக்கும். ஆகவே ‘பனி’ என்றதும் தமிழனுக்கு முதலில் தோன்றியவை குளிரும் துளியுமே, வெண்ணிறப் பொருளன்று. ஆனால் இமயத்தை அவன் அறியாதவனல்லன். காரிகிழார் பாடிய 6ஆம் புறப்பாட்டு வடவெல்லையாகப் பனி படர்ந்த மலையைச் சுட்டுகிறது. துளிக்குரிய சொல்லே அங்கே உறைபனிக்கும் ஆயிற்று. இமம், துகினம் என்னும் வடசொற்கள் பின்னர்ச் செய்யுளில் புகுந்தும் பேச்சில் வேரூன்றவில்லை. வானிலிருந்து மெய்யாகவே கட்டியாய் விழுந்ததற்கோ ஆலி என்னும் சொல் சங்க காலத்திலேயே இருந்தது. இன்றைய ஆலங்கட்டி அதன் வழிவந்ததே.

உருகுதலின் கதை வேறு. நெய், மெழுகு, பொன், இரும்பு, நெஞ்சு ஆகியவை உருகும். பக்தி இலக்கியம் முழுதும் அவ்வுருக்கமே. இவற்றை உருக்குவது நெருப்பு, அல்லது அன்பு. உப்பும் வெல்லமும் கரையும். மெழுகு உருகுமுன் இளகும். பனியோ விலகும், நீங்கும், புலரும். செஞ்சியைப் பாடும் கவிஞர் ‘பனி உருகியது’ என்று எழுதினால், அது ஆங்கிலக் கவிதை படித்த பனி என்றே கொள்ளவேண்டும்.

உறைபனியைக் கண்டறிந்தோரும் செஞ்சிக்கு வந்ததுண்டு. 1690 முதல் 1698 வரை இராசாராமுக்கு எதிராக முகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அப்படையின் அரசமொழியான பாரசீகத்தில் வெண்பனிக்கு ‘பரஃப்’ என்று பெயர். லாகூர் அரண்மனைக்கு வடமலைகளிலிருந்து பனிக்கட்டி வந்ததையும், வெடியுப்பால் நீரைக் குளிர்வித்ததையும் அபுல் ஃபசலின் ஆயீனே அக்பரி விவரிக்கிறது. பீரங்கி மருந்துக்கு வேண்டியதும் அதே வெடியுப்புதான்! தமிழரிடம் அப்பாரசீகச் சொல் எஞ்சியிருப்பது மிட்டாய்க்கடையில். பர்பி அதிலிருந்து பிறந்த பெயர் என்பர்.

கட்டியான பனி 19ஆம் நூற்றாண்டில் கடல்வழி வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அதனுடன் ‘ஐஸ்’ என்னும் சொல்லும் நிலைத்தது. அதற்குத் தமிழர் தந்த வினைகள் பழையவையே: ஐஸ் உருகுகிறது, ஐஸ் கரைகிறது. சர்க்கரைக்கும் பொன்னுக்கும் உரிய வினைகள் ஒரே பொருளில் வந்து கூடின.

1983க்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியபோதுதான் பனி, தமிழர் அன்றாடம் மிதித்து நடக்கும் நிலமாயிற்று. அந்நிலத்தை ஆறாம் திணை என்றனர் அவர்தம் எழுத்தாளர். பேச்சில் ‘ஸ்னோ கொட்டுது’ என்கின்றனர். எழுத்தில் வெண்பனி, உறைபனி, பனிமழை எனப் பலவாறு முயல்கின்றனர். வெறும் ‘பனி’ என்று ரொறன்ரோவில் எழுதப்பட்ட கவிதையைச் செஞ்சியில் படிப்பவர், சாலையோரம் குவிந்த வெண்மேட்டைக் காண்பதில்லை. வைக்கோற்போரின் மேல் நின்ற துளியையே காண்கிறார்.